நாங்கள் நன்றி சொல்லப் போய் வேலை இழந்த நெரெய்தா குறித்து

அனுப்புநர்
எரிபெர்த்தோ செபேதா மொந்தேஸ்,
இளநிலை உயிர்வேதியியல், இரண்டாம் ஆண்டு
(கரிம வேதியியலில் மட்டும் இரண்டாம் முறை),
ஆரஞ்சு பெட்டி கட்டும் கூடத்துக்குப் பின்தெரு,
சான் ஃபெர்மின், கலிபோர்னியா.

பெறுநர்
முனைவர் கேத்லீன் வாஸ்பர் அவர்கள்,
இணை டீன், மாணவர் கல்வித் துணைப் பிரிவு,
ரியோ செக்கோ பல்கலைக்கழகம்.

பொருள்: அறிவியல் துணைக்கல்வி மையத்தின் பயிற்றுநர் செல்வி நெரெய்தா வியசென்யோர் மீதான பணிநிறுத்தத்தை விலக்கக் கோருவதும், குற்றத்தை உரியவன் பெயருக்கு, அதாவது என் பெயருக்கு, மாற்றக் கோருவதும் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 18 நவம்பர்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். புகார் மனு என்றால் யார் மீதாவது புகார் இருக்க வேண்டும். இதில் உள்ள புகார் பெரும்பாலும் என் மீதுதான். தங்கள் அலுவலகத்தின் மீதும் ஒன்றிரண்டு உண்டு. அவற்றை நடுநடுவே, மரியாதை குறையாமல் வைத்திருக்கிறேன். பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

1. குறைந்த வருமானக் குடும்பங்களிலிருந்து வரும் லத்தீன் மாணவர்கள் அறிவியல் படிப்பைப் பாதியில் விடாமலிருக்கத் தாங்கள் நடத்தும் திட்டத்தில் நானும் ஒரு பயனாளி. திட்டத்தின் கையேட்டில் வர்ணிக்கப்படும் மாணவன் சாட்சாத் நான்தான்: வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன், வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவன், படிப்போடு வேலையும் பார்ப்பவன். இத்தனை தகுதியும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அபூர்வம் என்று முதலில் பெருமைப்பட்டேன். வகுப்புக்கு வந்து பார்த்தால் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

2. கரிம வேதியியலை நான் முதல் முறை படித்தேன் என்று சொன்னால் அந்தப் பாடத்துக்கே அவமரியாதை. வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். இரண்டாம் முறையும் முதல் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்று வாங்கினேன். விடைத்தாளைத் திருப்பித் தந்த பேராசிரியர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். துக்கம் விசாரிக்கும்போது தட்டுகிற மாதிரித் தட்டினார்.

3. அதன் பிறகு, கையேட்டில் சொன்னபடி துணைக்கல்வி மையத்துக்கு வந்தேன். மையம் திங்கள் முதல் வியாழன் வரை பகல் பத்து முதல் நான்கு வரை திறந்திருக்கிறது. அந்த நேரத்தில் நான் வகுப்பில் இருப்பேன், இல்லையென்றால் மாமாவின் டயர் கடையில் ஏதாவது ஒரு காருக்கு அடியில் இருப்பேன். ஒரு நாள் கடைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தேன். பயிற்றுநர் ஒருவர் மிகவும் அன்பாக, எது புரியவில்லை என்று கேட்டார். எல்லாம் புரிந்துவிட்டது, நன்றி என்று சொல்லி எழுந்துகொண்டேன்.

இதைத் தங்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவது, யாருக்கும் தொந்தரவு தராதே என்பதைத்தான். அடுத்த வீட்டில் சாப்பிடச் சொன்னால் வயிறு கத்தினாலும் பசியில்லை என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை கேட்டால் உட்காரலாம். தங்கள் மையத்தில் ஒரு முறைதான் கேட்கிறார்கள். அதனால் நான் பசியில்லை என்று சொல்லிவிட்டு, வாசலில் இலவசமாக வைத்திருந்த பேனாவில் இரண்டை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். அன்றைய தினம் மையத்தின் கணக்கில் நான் ‘உதவி பெற்றுத் திருப்தியுடன் சென்ற மாணவன்’ என்றுதான் பதிவாகியிருப்பேன்.

4. நெரெய்தா அப்போது பக்கத்து மேசையில் இருந்தார். அவர் கடைசி ஆண்டு மாணவி, மையத்தின் பயிற்றுநர், திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டும் குடும்பத்துப் பெண். அதனால் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நடைவழி வரை என் பின்னாலேயே வந்தார்.

“டேய், புரிஞ்சவன் மூஞ்சி இப்படியா இருக்கும்?” என்றார்.

“இல்ல, நிஜமாவே புரிஞ்சுது” என்றேன்.

“பொய் சொல்லாத. உனக்கு எப்ப ஓய்வு?”

ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் ஓய்வு, அதுவும் ஓய்வில்லை, அம்மாவுக்குத் தமாலே செய்ய உதவ வேண்டும் என்றேன். என் அம்மா திங்கள் விடியற்காலையில் ஆரஞ்சு கூடத்தின் வாசலில் தமாலே விற்கிறார். முந்தின நாள் முழுக்க வீட்டில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சோளத்தோலில் மாவு தடவி, இறைச்சி வைத்து மடித்து, ஆவியில் வேகவைக்க வேண்டும். எத்தனை கை இருந்தாலும் போதாது.

“எனக்கும் மாவு தடவத் தெரியும். முகவரியைச் சொல்லு” என்றார் நெரெய்தா. இவ்வாறு குற்றம் தொடங்கியது.

5. அந்த ஞாயிறு முதல் எங்கள் சமையலறை மேசையில் ஒரு பக்கம் மாவுச் சட்டி, ஒரு பக்கம் மிளகாய்ச் சாற்றில் வெந்த பன்றி இறைச்சி, நடுவில் புத்தகம். என்னோடு டயர் கடையில் வேலை பார்க்கும் ஓஸ்வால்தோவும் வந்தான். அவன் எங்கள் வகுப்புதான். என்னைவிட இரண்டு மதிப்பெண் குறைவாக வாங்கி என் மானத்தைக் காப்பாற்றியவன். நெரெய்தா தடவிக்கொண்டே சொல்லிக்கொடுப்பார். நாங்கள் தடவிக்கொண்டே விழிப்போம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. என் அம்மா எவெலியாவுக்கு, தன் மேசையில் தனக்குப் புரியாத பேச்சு நடந்தால் பொறுக்காது. யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்பார். குளோரினைப் பற்றி என்றால், அவள் என்ன செய்தாள் என்பார். கரி அணுவை விட்டுப் போய்விட்டாள் என்று நான் சொல்ல வேண்டும். ஏன் போனாள், அவளுக்குப் பதில் யார் வந்தது, வந்தவனை யாருக்கும் தெரியுமா என்று கேள்வி மேல் கேள்வி வரும். அடுத்த வாரம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து கேட்பார். நானும் முதலிலிருந்து, ஸ்பானிஷில், மாவு காயாத வேகத்தில் சொல்ல வேண்டும்.

ஒரு வேதிவினையில் புதியவன் பின்பக்கமாக வந்து இடிக்க, பழையவள் அதே நேரத்தில் வெளியேறுகிறாள். இன்னொன்றில் பழையவள் முதலிலேயே போய்விடுகிறாள், வீடு சிறிது நேரம் காலியாகக் கிடக்கிறது, அப்புறம்தான் புதியவன் வருகிறான், அவன் எந்த வாசல் வழியாகவும் வரலாம். இதைக் கேட்ட அம்மா உடனே தீர்ப்புச் சொன்னார்: “போனதுக்கு அப்புறம் வந்தா தப்பில்ல. இருக்கும்போதே பின்வாசல்ல வந்தான் பாரு, அவன்தான் கேடுகெட்டவன்.” பாடப்புத்தகத்தில் இந்த வேறுபாட்டை நான் ஓராண்டாகப் படித்து ஓராண்டாக மறந்திருந்தேன். கேடுகெட்டவனை மறக்க முடியவில்லை. இரண்டாம் தேர்வில் எழுபத்துநான்கு வாங்கினேன். ஓஸ்வால்தோ எழுபத்தாறு வாங்கி, அதுவரை காப்பாற்றிய மானத்தை வாங்கிவிட்டான்.

6. இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

மதிப்பெண்ணைக் கேட்ட அம்மா நெரெய்தாவைக் கட்டிப்பிடித்து அழுதார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நமக்கு நல்லது செய்தால் அவரிடம் நன்றி சொல்வது பாதி மரியாதைதான். அவருடைய மேலாளரிடம் போய்ச் சொன்னால்தான் அது முழு மரியாதை. அந்தப் பெண்ணின் மேலாளர் யார் என்று அம்மா கேட்டார். நான் தங்கள் பெயரைச் சொன்னேன். அந்த நிமிடம் எனக்கு வாய்ப்பூட்டு விழுந்திருந்தால் இன்று இந்த மனு இல்லை.

7. தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உடுத்தும் நீலப் பாவாடையில் அம்மா முன்னால் நடக்க, ஆவி பறக்கும் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் பின்னால் வந்தேன். முன்னறிவிப்பில்லாமல் வந்த எங்களைத் தாங்கள் உட்காரச் சொன்னீர்கள். தமாலேயை மறுக்காமல் இரண்டு சாப்பிட்டீர்கள். மூன்றாவதைக் கணவருக்கு என்று காகிதத்தில் சுற்றி வைத்தீர்கள். அதை நான் பரிசுப் பொருள் என்று எண்ணவில்லை, நல்ல மனசு என்றே எண்ணினேன். இப்போதும் அப்படித்தான் எண்ணுகிறேன். ஆனால் தங்கள் கடிதத்தில், நெரெய்தா எங்கள் வீட்டில் வாங்கிக்கொண்ட ஒரு டஜன் தமாலேக்கு மட்டும் வேறு பெயர் இருக்கிறது.

8. அம்மா பேசினார், நான் மொழிபெயர்த்தேன். இங்கே என் தகுதியைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதி வேண்டும். எட்டு வயதிலிருந்து எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். பல் மருத்துவரிடமும் வங்கியிலும் வண்டிப் பதிவு அலுவலகத்திலும் அம்மாவுக்கு வாயாக இருந்தவன். ஐந்தாம் வகுப்பில் ஆசிரியை என்னைப் பற்றி அம்மாவிடம் சொன்ன புகாரையே ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்து, அன்று மாலை செருப்படி வாங்கியவன். அப்படிப்பட்ட நேர்மையை அன்று தங்கள் அறையில் காட்டினேன்.

அம்மா சொன்னது இது: “இந்தப் பொண்ணு மாதிரி ஒருத்திய நான் பார்த்ததில்லைங்க. ஞாயித்துக்கிழம ஆனா எங்க வீட்டுல இருப்பா. ஒரு காசு வாங்கினதில்ல. நான்தான் திட்டித் திட்டி ஒரு டஜன் கட்டிக் குடுப்பேன். என் புள்ளைக்கு மட்டுமா, அவன் சிநேகிதனுக்கும் சேர்த்து. இருட்டுற வரைக்கும் சொல்லிக் குடுப்பா. நீங்க நல்ல பொண்ணா பார்த்து வேலைக்கு வச்சிருக்கீங்க, கடவுள் உங்கள நல்லா வைக்கணும்.”

இதில் மையத்துக்கு வெளியே பயிற்றுவித்தல், பதிவு செய்யாத நேரம், மாணவரிடமிருந்து பொருள் பெறுதல் என்று மூன்று விதிமீறல்கள் இருக்கின்றன என்பது தங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியும். அன்று தாங்கள் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கியதைப் பார்த்தேன். நெரெய்தாவுக்கு ஏதோ விருது வரப்போகிறது என்று நினைத்தேன். அம்மாவின் முழங்கையைத் தட்டி, “எழுதிக்கிறாங்கம்மா, இன்னும் சொல்லுங்க” என்றேன். அம்மா இன்னும் சொன்னார்.

9. தங்கள் கடிதம் அடுத்த வாரம் வந்தது. நெரெய்தா பணிநிறுத்தம் செய்யப்பட்டிருக்கிறார் என்றும், விசாரணைக் குழு ஜனவரி இறுதியில் கூடும் என்றும், நான் முதல் சாட்சி என்றும், எனது ஒத்துழைப்புக்கு நன்றி என்றும் அதில் இருந்தது. கடைசி வாக்கியத்தைப் பல முறை படித்தேன். என் வாழ்நாளில் ஒரு பல்கலைக்கழகம் எனக்கு எழுத்தில் நன்றி சொன்னது இதுவே முதல் முறை.

நான் நெரெய்தாவைத் தேடிப் போனேன். நூலகத்துக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்: “உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல. உன்னத்தான் உதைக்கணும். கொஞ்சம் தப்பா மொழிபெயர்த்தா என்னடா, கொறஞ்சா போயிடுவ?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

10. அம்மையீர், இந்த மனுவின் உயிர்நிலை இந்தப் பத்தியில்தான் இருக்கிறது. இதில் மட்டும் நான் விளையாடவில்லை. நெரெய்தாவின் கட்டணச் சலுகை அவருடைய பயிற்றுநர் வேலையோடு சேர்ந்தது. வேலை இல்லையென்றால் ஜனவரி முதல் வாரத்தில் சலுகை நின்றுவிடும். குழு கூடுவது ஜனவரி இறுதியில். அவர் குற்றமற்றவர் என்று குழு முடிவு செய்தாலும், அதைக் கேட்க அவர் கல்லூரியில் இருக்க மாட்டார். பட்டம் வாங்க அவருக்கு இன்னும் ஒரே ஒரு பருவம்தான் பாக்கி. நான் போனபோது அவர் கையில் இருந்தது பாடப்புத்தகம் அல்ல, எங்கள் தெரு ஆரஞ்சு கூடத்தின் வேலை விண்ணப்பம். “சீசன் ஆரம்பிச்சிருச்சு, ஆள் எடுக்கறாங்க. உங்கம்மாகிட்டயே காலைல தமாலே வாங்கிக்கிறேன்” என்றார். வேதியியலில் தோற்றபோதுகூட நான் அப்படி வெட்கப்பட்டதில்லை.

11. ஞாயிற்றுக்கிழமைகள் இப்போது எப்படி இருக்கின்றன என்பதையும் பதிவு செய்கிறேன். ஓஸ்வால்தோ வருகிறான். நெரெய்தாவின் நாற்காலியில் நான் உட்கார்ந்து பாடம் நடத்திப் பார்த்தேன். அரை மணி நேரம் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: “போதும்டா. நீ சொல்லச் சொல்ல எனக்குத் தெரிஞ்சதும் மறக்குது.” இறுதித் தேர்வு அடுத்த வாரம். இருவரும் சேர்ந்து மாவு மட்டும் நன்றாகத் தடவுகிறோம்.

12. மேற்கண்ட காரணங்களால் நான் கோருவது:

அ) செல்வி நெரெய்தாவின் பணிநிறுத்தத்தை, விசாரணை முடியும் வரையாவது விலக்கி, அவரது கட்டணச் சலுகை நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆ) தண்டனை ஒன்று கட்டாயம் தேவை என்றால் அதை எனக்குத் தரலாம். இடம் என் வீடு, பொருள் என் அம்மாவுடையது, வாக்குமூலம் என் வாயால் வந்தது. இதைவிடப் பொருத்தமான குற்றவாளியைத் தங்கள் அலுவலகம் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இ) மையத்தை ஞாயிற்றுக்கிழமையும் திறக்க இயலுமா என்று பரிசீலிக்கலாம். இயலாவிட்டால் எங்கள் சமையலறை மேசையை மையத்தின் கிளையாகப் பதிவு செய்துகொள்ளலாம். வருவோர் கையெழுத்திடப் பதிவேடு வைக்கிறோம். அதில் எண்ணெய்க் கறை படாது என்று மட்டும் என்னால் உறுதி தர முடியாது.

ஈ) மையத்துக்கு வரும் எங்கள் பிள்ளைகள் யாராவது எல்லாம் புரிந்துவிட்டது என்று சொன்னால், இன்னும் இரண்டு முறை கேட்குமாறு பயிற்றுநர்களுக்கு அறிவுறுத்த வேண்டும்.

13. கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் மறைத்தால் முழு உண்மை ஆகாது.

தங்கள் கடிதம் வந்த அன்று அஞ்சல்பெட்டியைத் திறந்தவர் அம்மா. பல்கலைக்கழக முத்திரையைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு உறையைப் பிரித்து என்னிடம் நீட்டி, “என்னடா எழுதியிருக்காங்க?” என்றார். நெரெய்தா பிறகு என்னிடம், அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், அவர் தாங்கமாட்டார் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கேட்பதற்கு முன்பே, அந்த முகத்தைப் பார்த்தபோதே, எட்டு வயதிலிருந்து காப்பாற்றிய என் நேர்மை போய்விட்டது. “உங்களுக்கு நன்றி சொல்லி எழுதியிருக்காங்கம்மா. நெரெய்தாவப் பாராட்டியிருக்காங்க” என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் பொய் மொழிபெயர்ப்பு அதுதான்.

அம்மா அந்தக் கடிதத்துக்குச் சட்டம் போட்டு, குவாதலூப்பே மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார். தினமும் அதன் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். விருந்தாளி யார் வந்தாலும் என்னை அழைத்து அதை வாசித்துக் காட்டச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் பாராட்டு சற்று நீண்டுகொண்டே போகிறது. நெரெய்தா ஏன் வருவதில்லை என்று கேட்டால், தேர்வு என்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை, டிசம்பர் 6, காலை பத்து மணிக்கு அம்மா தங்களைப் பார்க்க வருகிறார். தாங்கள் எழுதிய நன்றிக்கு நேரில் பதில் நன்றி சொல்லாவிட்டால் மரியாதை இல்லையாம். நீலப் பாவாடையைத் தேய்த்து வைத்துவிட்டார். என்னால் தடுக்க முடியவில்லை. பானையோடு நானும் வருவேன். அவர் தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் நன்றாக இருக்கிறாளா என்று கேட்பார். தாங்கள் ஏதோ ஒரு பதில் சொல்வீர்கள். அது எதுவாக இருந்தாலும், இந்த முறை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அம்மாவிடம் சொல்வது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆகவே, அம்மையீர், என் அம்மாவின் முகத்தைப் பார்த்து நான் அப்படியே சொல்லக்கூடிய ஒரு பதிலை வெள்ளிக்கிழமைக்குள் தயாராக வைத்திருக்குமாறு மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சான் ஃபெர்மின்
நாள்: 2 டிசம்பர் 2024

தங்கள் முதல் சாட்சி,
(ஒப்பம்)
எரிபெர்த்தோ செபேதா மொந்தேஸ்

இணைப்பு: எதுவும் இல்லை. உணவுப் பொருள் இணைப்பது விதிமீறல் என்று தெரிந்துகொண்டேன்.